நூற்றெண்பது நாளில் கொடுக்காத படிவம்

ஆரணி கொசப்பாளையத்தில் யாருக்காவது ஒரு படிவம் நிரப்ப வேண்டுமென்றால் ரேணுகாம்பாள் வீட்டைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஒன்றில் பத்தொன்பது வருடமாக எழுத்தர் வேலை அவளுக்கு. முதியோர் உதவித்தொகை, நெசவாளர் அடையாள அட்டை, பட்டா மாறுதல், எதுவானாலும் நிரப்பிக் கொடுப்பாள். கொடுத்ததோடு விடமாட்டாள். எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலில் கொடுத்தார்கள், நகலில் முத்திரை வாங்கினார்களா என்று மறுநாள் தெருவில் நிறுத்திக் கேட்பாள். முத்திரை வாங்கவில்லை என்று சொன்னால் திரும்பப் போகச் சொல்வாள். சிலருக்கு அது பேஜாராகக்கூட இருந்தது. ஒரு காகிதத்துக்காக இந்த அம்மா இப்படி அலைகிறாளே என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் தை மாதத்தில் ஒரு நாள் காலையில் சென்னையிலிருந்து கொழுந்தன் தமிழ்வாணனின் போன் வந்தது. அவன் ஆவடிப் பக்கம் புதிதாக வீடு கட்டி முடித்திருந்தான். சித்திரையில் கிரகப்பிரவேசம். முன்கூடத்தில் மாட்டுவதற்கு அப்பா நினைவாக ஏதாவது வேண்டும் என்றான். ஆரணி வீட்டு வாசல் நிலைக்கு மேலே தேக்குப் பலகையில் பொருத்தி மாட்டியிருந்த யானைத் தந்தம் இரண்டில் ஒன்றைக் கேட்டான்.

"அண்ணன்கிட்ட பேசிட்டேன் அண்ணி. எடுத்துக்கடான்னுட்டாரு. அந்த வனத்துறை சர்டிபிகேட்ட மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைங்க. வழியில எவனாவது புடிச்சான்னா காட்டணுமில்ல."

எடுத்து வைக்கிறேன் என்றாள் ரேணுகா. போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எழுந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை. சங்கத்துக்குப் போய் வருகைப் பதிவில் இரண்டு பேருடைய கையெழுத்துக் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். அப்படி ஒரு தவறு பத்தொன்பது வருடத்தில் நடந்ததில்லை.

சர்டிபிகேட் என்று ஒன்று இல்லவே இல்லை. இல்லை என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்தத் தந்தங்கள் அவளுடைய மாமனாரின் தகப்பனார் காலத்தில் வந்தவை. மேற்கே மலையாளப் பக்கத்து மர வியாபாரி ஒருவர் மகள் கல்யாணத்துக்கு ஆரணியில் புடவை நெய்யச் சொன்னார். நெய்து கொண்டுபோய்க் கொடுத்தபோது மனசு குளிர்ந்து, தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாராம். ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அடிப்பக்கம் பித்தளைப் பூண். பழுத்த மஞ்சளாய் ஒரு நிறம். யானையை அந்தக் குடும்பத்தில் யாரும் கோயிலில் தவிரப் பார்த்ததில்லை. ஆனாலும் தெருவில் அந்த வீட்டுக்குத் 'தந்தக்காரர் வீடு' என்று பெயர் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை வீடு பார்க்கச் சந்தவாசலிலிருந்து வந்த ரேணுகாவின் அப்பாவுக்கும் முதலில் அதைத்தான் காட்டினார்கள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் சித்திரையில் பேப்பரில் ஒரு அறிவிப்பு வந்தது. தந்தம், மான் கொம்பு, புலித்தோல் மாதிரி பழைய பொருள்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் நூற்றெண்பது நாளுக்குள் வனத்துறையிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். தந்தம் விற்பதும் வாங்குவதும் எப்போதோ தடையாகிவிட்டது. கையில் இருப்பதைப் பதியாமல் விட்டவர்களுக்கு இது ஒருமுறை திறக்கும் வாசல். எழுதிக் கொடுத்தால், விசாரித்து உரிமைச் சான்று தருவார்கள். அதை வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாம், விற்க மட்டும் முடியாது. நாள் கடந்துவிட்டால் கையில் இருப்பது திருட்டுப் பொருள் மாதிரிதான். மாமனார் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். செய்யலாம், செய்யலாம் என்று ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஐப்பசி பிறக்கும் சமயம் ஞாபகம் வந்து, படிவம் வாங்கி வரச் செய்து, வீட்டில் நன்றாக எழுதத் தெரிந்த மருமகளிடம் கொடுத்தார். அவள் அச்சடித்தது மாதிரி நிரப்பினாள். மாமனார் கையெழுத்துப் போட்டார். கெடு முடிய இன்னும் மூன்றே நாள். ஆண்கள் எல்லாரும் கல்யாணப் புடவை வேலையில் தறியை விட்டு எழ முடியாமல் இருந்தார்கள். தபாலை நம்ப முடியாது, நேரில் கொடுத்துவிட்டு வா என்று அவளைத் திருவண்ணாமலைக்கு அனுப்பினார்.

அந்தப் புதன்கிழமை ரேணுகா திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறவில்லை. எதிர்த் திசையில் வேலூர் பஸ்ஸில் ஏறினாள்.

அங்கே ஒரு கல்லூரியில் அவளுக்குப் பரீட்சை இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே தபால் வழியில் பட்டப்படிப்பு சேர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் பொன்னம்மாள், படித்தது போதும் என்று புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டார். தாய் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி, ஒன்பது வருடத்தில் ஒவ்வொரு தாளாக எழுதித் தேறியிருந்தாள். ஒரு தாள் பாக்கி. போன தடவை மகள் நிலாவுக்கு அம்மை போட்டதால் எழுத முடியவில்லை. பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசித் தேர்வு, இதைத் தவறவிட்டால் எல்லாத் தாளையும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. அந்தப் பரீட்சைக்கு எப்படிப் போவது என்று பத்து நாளாகத் தூக்கமில்லாமல் இருந்தவளுக்கு, மாமனார் தானாகவே பஸ்ஸுக்குப் போகச் சொன்னது சாமி வழிவிட்டது போல இருந்தது. படிவத்தை நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம், இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று நினைத்தாள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது வாசலில் மாமனாரோடு தெருக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்கத்திலேயே பதிவு செய்யப் போகிறோம், இனி யாரும் ஒன்றும் கேட்க முடியாது என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், இவளைப் பார்த்ததும் குடுத்துட்டியாம்மா என்றார். ஆபீசர் இல்லை, நாளைக்கு வரச் சொன்னார்கள் என்று சொல்லலாம் என்று பஸ்ஸிலேயே தயாராக வைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வாயில் வேறு வார்த்தை வந்தது.

"குடுத்துட்டேன் மாமா. சர்டிபிகேட் தபால்ல வருமாம்."

மறுநாள் தாய் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டுத் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினாள். போளூர் தாண்டிக் குடிதண்ணீருக்காகச் சாலை மறியல். மூன்று மணி நேரம் பஸ் அசையவில்லை. அலுவலகம் மூடும் நேரம் தாண்டிவிட்டது. இறங்கி எதிர்ப் பஸ்ஸில் திரும்பினாள். அதற்கடுத்த நாள், கடைசி நாள், வீட்டுத் தறியில் புதிதாகப் பாவு நூல் ஏற்றினார்கள். கையாள் போதாது, அவள் நகர முடியவில்லை. எந்தக் காரணத்தைச் சொல்லிப் போவாள்? முந்தாநாளே கொடுத்தாகிவிட்டதே. பாவு நூல்களை ஒவ்வொன்றாகப் பிணைத்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்தே முக்கால் ஆனது. வாசல் மூடிவிட்டது.

படிவத்தை ஒரு மாதம் நிலாவின் பழைய கவுன்களுக்கு அடியில் வைத்திருந்து, பிறகு வெந்நீர் அடுப்பில் போட்டாள்.

பரீட்சையில் தேறினாள். ஒரு வருடம் கழித்துப் பட்டம் வந்ததைச் சொன்னபோது வீட்டில் பெரிய சண்டை எதுவும் வரவில்லை. மாமனார் சந்தோஷப்படக்கூடச் செய்தார். அந்தப் பட்டத்தை வைத்துத்தான் சங்கத்தில் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நிலா படித்து, இப்போது பெங்களூரில் இருக்கிறாள். மாமனார் மட்டும் தபால்காரர் தெருவில் நுழைந்தால் வாசலுக்கு வருவார். வனத்துறையிலிருந்து ஏதாவது உண்டா என்று கேட்பார். இரண்டாயிரத்துப் பதினொன்றில் அவர் கண் மூடுகிற வரை, எட்டு வருடம் கேட்டார். தபால்காரருக்கு அது விளையாட்டாகிவிட்டது. "யானையே வந்தாதான் உண்டு தாத்தா" என்பார். ரேணுகா அந்த நேரத்தில் கூடத்தில் நிற்க மாட்டாள். கொல்லைக்குப் போய்விடுவாள். ஒரு தடவை தாங்க முடியாமல், சர்டிபிகேட் வந்து பீரோவில் பத்திரமாக இருக்கிறது, நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார், மறுவாரமே அதையும் மறந்து மறுபடி கேட்டார். கணவன் அருணகிரியும் அன்று அவள் சொன்னதைக் கேட்டு நம்பிவிட்டான். நெய்கிறவன், காகிதம் எல்லாம் பெண்டாட்டி பாடு என்று விட்டவன்.

இருபத்தோரு வருடம் கழித்து இப்போது ஒரு ஜெராக்ஸ் கேட்கிறார்கள்.

முதல் வாரம் தேடுவதுபோல் தேடினாள். அருணகிரியும் கூடச் சேர்ந்து பீரோவைக் கவிழ்த்துப் போட்டான். இல்லாத ஒன்றை அவன் வேர்க்க வேர்க்கத் தேடுவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. கடைக்குப் போகிறேன் என்று கிளம்பி, கடைக்குப் போகாமல் பழைய பஸ் நிலையம் வரை நடந்து திரும்பினாள். வாசலுக்குள் நுழையும்போது தலைக்கு மேலே அந்த இரண்டு தந்தங்களும் இருக்கும். முப்பது வருடமாகத் தினமும் அதன் கீழே குனியாமல் போய் வந்தவள், இப்போது தன்னையறியாமல் தலையைத் தாழ்த்திக்கொண்டு நுழைந்தாள்.

அதே வாரம் பேப்பரில், எங்கோ ஒரு ஊரில் விடுதியில் தந்தம் விற்க வந்த நான்கு பேரைப் பிடித்ததாகப் போட்டோவோடு செய்தி வந்திருந்தது. தமிழ்வாணன் அதை வாட்ஸப்பில் அனுப்பி, அண்ணி ஜல்தி என்று ஒரு வரி எழுதியிருந்தான்.

எட்டாம் நாள் சங்கத்தில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போனாள். அங்கே சரகராக இருந்தது அகல்யா என்ற இளம் பெண். நிலாவைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். காக்கி உடுப்பில் மேசை நிறையக் கோப்புகளோடு இருந்தாள். ரேணுகா, எங்கள் சங்க உறுப்பினர் ஒருவர் என்று ஆரம்பித்தாள். அவர் வீட்டில் பழைய தந்தம் இருக்கிறது, இரண்டாயிரத்து மூன்றில் பதியத் தவறிவிட்டார், இப்போது தாமதக் கட்டணம் மாதிரி ஏதாவது கட்டிப் பதிய முடியுமா என்று கேட்டாள்.

அகல்யா பேனாவை மூடி வைத்தாள். அந்த நூற்றெண்பது நாள் சலுகை ஒரே தடவைதான், அதோடு முடிந்தது, பிறகு திறக்கவே இல்லை என்றாள். இரண்டு வருடத்துக்கு முன் சட்டத்தைத் திருத்தினார்கள். அதிலும், சான்று வைத்திருப்பவர்கள் வேண்டாமென்றால் அரசாங்கத்திடம் ஒப்படைக்கலாம், ஈடாக ஒன்றும் கிடைக்காது என்றுதான் இருக்கிறது. சான்றே இல்லாதவர்களுக்கு அதில் வழியில்லை.

"ஏன் மேடம் இவ்வளவு கெடுபிடி? அது பழைய யானை. செத்து எழுபது வருசம் இருக்கும்."

"பழசா புதுசான்னு பாத்தா தெரியாதும்மா. அதான் பிரச்சினை. பழசுன்னு சொல்லிக்கினு புதுசை விப்பாங்க. வாசலத் தொறந்து வெச்சா போன மாசம் செத்த யானையும் தாத்தா காலத்து யானை ஆயிடும். அதுக்குத்தான் ஒரு தடவை தொறந்து, மூடினது."

ரேணுகாவுக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் அலைக்கழித்தது. அநியாயம் என்று திட்டிவிட்டு வந்தால் மனசு ஆறும். இது நியாயமாக இருந்தது. அவர் தானாகக் கொண்டுவந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

வாக்குமூலம் வாங்கி, கைப்பற்றியதற்கு மகஜர் எழுதி, நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும், வழக்கு வரும் என்றாள் அகல்யா. "தானா வந்து குடுத்தாங்கன்னு நான் எழுதுவேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல. அந்த உறுப்பினர்கிட்ட சொல்லுங்க, விக்கறதுக்கோ மறைக்கறதுக்கோ மட்டும் போக வேணாம்னு. அப்ப அது வேற கதை."

'அந்த உறுப்பினர்' என்று சொல்லும்போது அவள் ரேணுகாவின் முகத்தைப் பார்க்காமல் கோப்பைப் பார்த்துச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தறிக் கூடத்துக்குப் போனாள். அருணகிரி குழித்தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். மாம்பழ நிறத்தில் ஒரு புடவை, முந்தானை வரப்போகிற கட்டம். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தாள். அவன் நிறுத்தவில்லை. அதனால் அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே சொன்னாள்.

"சர்டிபிகேட்ட தேடாதீங்க. அது வரவே இல்ல. அன்னிக்கு நான் படிவத்த குடுக்கல."

தறியில் ஓடிய நாடா பாதி வழியில் நின்றது. அவன் திரும்பிப் பார்த்தான். மாமாவிடம் சொன்னது பொய் என்றாள். பீரோவில் இருக்கிறது என்று சொன்னதும் பொய் என்றாள். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பான், வேலூரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தயாராக இருந்தாள். அவன் அதைக் கேட்கவே இல்லை.

"எங்கப்பன் எட்டு வருசம் அந்த வாசப்படில நின்னாரு" என்றான். அவ்வளவுதான். கால் மிதியை அழுத்தி மறுபடி நெய்யத் தொடங்கினான். அன்று முழுக்க அவன் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டான். தம்பிக்கு மட்டும் போன் செய்து விஷயத்தைச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்வாணன் வந்தான். அண்ணியிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு, ஏணி போட்டு ஏறிப் பலகையோடு தந்தங்களைக் கழற்றினான். வேலூரில் ரஞ்சித்குமார் என்று ஒருவன் பழைய சாமான் வாங்குகிறவன், அவனிடம் தள்ளிவிடலாம் என்று முதலில் சொன்னான். ரேணுகா, அப்படிச் செய்தால் நானே போய்ச் சொல்லிவிடுவேன் என்றாள். அவன் அண்ணனைப் பார்த்தான். அருணகிரி, விற்கிற பேச்சு வேண்டாம் என்று முடித்துவிட்டான். அப்படியானால் ஆற்றில் போட்டுவிடலாம், இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது என்றான் தமிழ்வாணன். அருணகிரி எழுந்து போய்ச் சாக்கு எடுத்து வந்தான். உரச் சாக்கில் கழிவு நூலைத் திணித்து, நடுவில் தந்தங்களை வைத்துக் கட்டினார்கள். பைக்கில் கமண்டல நாகநதிக்குக் கிளம்பிப் போனார்கள்.

அவர்கள் போன ஒன்றரை மணி நேரமும் ரேணுகா வீட்டுக்குள் நடந்தாள். கூடத்திலிருந்து கொல்லை, கொல்லையிலிருந்து கூடம். பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்கினாள். ஆற்றில் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு மனசு சொன்னது. வேலைக்கு ஆபத்தில்லை, இன்னும் ஏழு வருடத்தில் நல்லபடியாக ஓய்வு பெறலாம். போட்டுத் தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளக்கூடச் செய்தாள். அடுத்த நிமிடமே, போட்டுவிட்டால் தன் பொய்க்கு இவர்கள் இரண்டு பேரையும் கூட்டாளியாக்கின மாதிரி ஆகுமே என்று நினைத்தாள்.

பைக் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினாள். சாக்கு அப்படியே வந்து இறங்கியது.

ஆற்றில் தண்ணீர் இல்லை. மாசி வெயிலில் மணலும் சீமைக்கருவேலமும்தான். ஒரு பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் நின்றது, அங்கே ஆட்டுக்காரர்கள் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள். இவர்கள் சாக்கோடு இறங்கியதைப் பார்த்து, கோழிக் கழிவைக் கொண்டுவந்து கொட்டப் பார்க்கிறீர்களா என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். சாக்கைப் பிரி பார்க்கலாம் என்று ஒருவர் கையை வைத்திருக்கிறார். அருணகிரி சாக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பழைய நூல் ஐயா, இங்கே கொட்ட மாட்டோம் என்று கெஞ்சித் திரும்பியிருக்கிறான். ஆரணியில் யாரிடமும் தலை குனிந்து நின்றறியாத மனிதன்.

தமிழ்வாணன் சாக்கைத் தறிக் குழிக்குள் இறக்கி மேலே பலகையைப் போட்டான். இருட்டில் இருக்கட்டும், சாவகாசமாக யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் சென்னைக்குப் போய்விட்டான். போகும்போது, உங்களால் வந்த வினை அண்ணி என்றான். அவள் ஆமாம் என்றாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே எழுந்து குளித்து, சங்கத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு தறிக் கூடத்துக்கு வந்தாள். அருணகிரி குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். காலைக் குழிக்குள் விடவில்லை. கால் வைக்கிற இடத்தில் சாக்கு இருந்தது.

நான் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன் என்றாள். ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது என்றாள். வீட்டில் யாருக்கும் தெரியாது, நான் மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன், உங்களுக்கு ஒன்றும் வராது என்றாள். அவன் சாக்கை வெளியே இழுத்துப் போட்டுத் தூசியைத் தட்டினான்.

"ஒருத்தியா எப்படித் தூக்குவ? இரு, சட்டய போட்டுகினு வரேன்."

அகல்யாவின் அலுவலகத்தில் சாக்கைப் பிரித்தபோது கழிவுப் பட்டு நூல் பல நிறத்தில் மேசை மேல் சரிந்தது. வனக்காப்பாளர் ஒருவர் தந்தங்களை எடுத்து நீளம் அளந்தார், சுற்றளவு அளந்தார், எடை போட்டார். ஒன்று மற்றதைவிட அரை விரல்கடை குட்டை. இத்தனை வருடத்தில் அது அவர்கள் யாருக்கும் தெரியாது. பித்தளைப் பூணைப் பற்றியும், நுனியில் இருந்த ஒரு கீறலைப் பற்றியும் எழுதிக்கொண்டார்கள். அகல்யா எதிரே உட்கார வைத்து வாக்குமூலம் எழுதினாள். யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது, யார் வசம் இருந்தது. எல்லாவற்றுக்கும் ரேணுகா தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். பிறகு அகல்யா கேட்டாள்.

"படிவம் நிரப்பி, கையெழுத்து வாங்கி, பஸ்ஸுக்குக் கௌம்பியிருக்கீங்க. அப்புறம் ஏன் குடுக்கல? காரணம் எழுதணும்."

அருணகிரி சுவரோரம் நாற்காலியில் இருந்தான். ரேணுகா அவன் பக்கம் திரும்பவில்லை.

"அன்னிக்கு எனக்குப் பரீட்சை இருந்துச்சு மேடம். வேலூர்ல. வீட்டுல சொன்னா விடமாட்டாங்க. அது போச்சுன்னா ஒன்பது வருசப் படிப்பும் போயிடும். அதனால பரீட்சைக்குப் போனேன். அப்படியே எழுதிக்கோங்க."

அகல்யா குனிந்து எழுதினாள். வாசித்துக் காட்டினாள். ரேணுகா எழுத்துக்கெழுத்து படித்துப் பார்த்து, ஒரு இடத்தில் வருடத்தைத் திருத்தச் சொல்லி, கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் ஆட்டோவுக்காக நின்றார்கள். கேட்டிருந்தால் விட்டிருப்போமே என்று சொல்ல அருணகிரி வாயெடுத்தது அவளுக்குத் தெரிந்தது. அது உண்மையில்லை என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும், சொல்லவில்லை.

"நான் அப்ப என்ன பண்ணிகினு இருந்தேன்?" என்று கேட்டான் கடைசியில்.

"தறியில நெஞ்சிகினு இருந்தீங்க" என்றாள்.

வழக்குப் பதிவானது. ஆரணிக் கோட்டைப் பக்கம் நீதிமன்றத்தில் ஆஜராகி ஜாமீன் வாங்கினாள். வக்கீல், அருணகிரியோடு பள்ளியில் படித்த பலராமன், எல்லாவற்றையும் இறந்துபோன மாமனார் தலையில் போட்டுவிடலாம், அவர் பெயரில்தானே படிவம், உயிரோடு இல்லாதவரை யார் என்ன செய்ய முடியும் என்று வழி சொன்னார். ரேணுகா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கொடுக்கச் சொன்னவர், கொடுக்காதது நான் என்றாள். பலராமன் தலையில் கை வைத்துக்கொண்டார். தானாகவே ஒப்படைத்தது, வனச்சரகரின் அறிக்கை, குடும்பத்தில் வேறு குற்றம் எதுவும் இல்லாதது, இவற்றை வைத்துத் தண்டனையைக் குறைக்கக் கேட்கலாம், விடுதலை என்று நான் சொல்ல மாட்டேன் என்றார்.

சங்கத்தில் மெமோ கொடுத்தார்கள். விளக்கம் எழுதிக் கொடுத்தாள். தீர்ப்பு வருகிறவரை வேலையில் தொடரலாம், பிறகு பார்க்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். படிவம் நிரப்ப வருகிறவர்கள் கொஞ்ச நாள் வரவில்லை. பிறகு வந்தார்கள், வேறு யாரிடம் போவார்கள்? நிலா பெங்களூரிலிருந்து போனில் அழுதாள். அழுது முடித்து, அன்னிக்கு நீ திருவண்ணாமலைக்குப் போயிருந்தா நான் எங்க இருந்திருப்பேன்மா என்று கேட்டாள். ரேணுகாவுக்கு அந்தக் கேள்வி ஆறுதலாக இல்லை. மாமனார் வாசலில் நின்ற எட்டு வருடத்துக்கும் இதற்கும் எந்தத் தராசும் சரிவராது என்று தோன்றியது. தமிழ்வாணன் இன்னும் அவளோடு பேசுவதில்லை. அண்ணனிடம் மட்டும் பேசுகிறான்.

இதுவரை ஒன்பது வாய்தா ஆகியிருக்கிறது. ஒரு தடவை நீதிபதி விடுப்பு, ஒரு தடவை சாட்சி வரவில்லை, ஒரு தடவை வக்கீல்கள் புறக்கணிப்பு. ஒவ்வொரு தடவையும் அருணகிரி தறியை நிறுத்திவிட்டுக் கூட வருகிறான். நீதிமன்றத் தாழ்வாரத்தில் பெஞ்சு இருக்கிறது. அவன் உட்கார்ந்து, பக்கத்தில் துண்டைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்து வைக்கிறான். அவள் வந்து உட்காருகிறாள். இரண்டு நிமிடம் ஆவதற்குள் எழுந்து, கூப்பிடுகிற இடம் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறாள். மறுபடி உட்காருகிறாள்.

"கூப்புட்டா காதுல விழும் ரேணு. உக்காரு."

அடுத்த வாய்தா ஆவணி பதினேழு. அன்று அகல்யாவைச் சாட்சியாக விசாரிக்கிறார்கள். அவள் திருநெல்வேலிப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டாள். வருவாளா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.